தங்கையின் நிச்சயதார்த்தமும் ஆளி விதைக் கோழியும்

ஆராய்ச்சி செய்கிற ஆட்களை விருந்துக்குக் கூப்பிடலாம். ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் விருந்துக்கு ஒரு சாமானும் அவர்களைக் கொண்டுவரச் சொல்லக் கூடாது. இதை நான் சொல்லவில்லை, என் அம்மா சொல்கிறார். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், யார் எதை வாங்குவது என்று பேச்சு ஆரம்பித்ததுமே எல்லோரும் ஒரு தரம் என் பக்கம் திரும்பி, "நீ சும்மா வந்தாப் போதும்" என்பார்கள். நான் படித்தது கால்நடை மருத்துவம். அதற்கு மேல் படித்தது கோழித் தீவனம். கோழிக்கு எதைப் போட்டால் எவ்வளவு வளரும் என்று சொல்வதுதான் இன்று என் பிழைப்பு. தெலங்கானா முழுக்கப் பண்ணைக்காரர்கள் என்னைக் கேட்டுத்தான் தங்கள் கோழிகளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். என் சொந்த வீட்டுக்கு ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கி வர எனக்கு அனுமதி கிடையாது.

காரணம், என் தங்கை ஸ்டெல்லாவின் நிச்சயதார்த்தம்.

நாங்கள் செகந்திராபாத் மெட்டுகுடாக்காரர்கள். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசுவது தமிழ் என்று நாங்கள் நம்புகிறோம். சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. (ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அப்பாவால் ஒரு வாக்கியத்தைக் கூட முடிக்க முடியாது.) எனக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். ஓர் இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போது கால் ஆடும். ஜெபம் சொல்லும்போது விரல் ஆடும். படுத்தால், விளக்கை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா, கோழிக்குத் தண்ணீர் வைத்தோமா என்று எழுந்து எழுந்து உட்காருவேன். அம்மா என்னை டாக்டரிடம் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்பா, "அவனே டாக்டர்தான, எதுக்கு செலவு" என்று சொல்லிவிட்டார்.

என் ஆராய்ச்சி இதுதான். பிராய்லர் கோழிக்குத் தாவர எண்ணெய் கலந்த தீவனம் கொடுத்தால் அதன் வளர்ச்சியும் ஆரோக்கியமும் எப்படி இருக்கும்? கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஹைதராபாத் கோடையில் ஒரு கோழிக் கொட்டகைக்குள் நின்று பார்த்தால் வராது. வெயில் ஏற ஏறக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தீவனத்தைத் திரும்பியும் பார்க்காது. தின்னாவிட்டால் எடை ஏறாது. எண்ணெய் கலந்து கொடுத்தால் கொஞ்சம் தின்றாலும் நிறைய சக்தி கிடைக்கும். செரிக்கும்போது உடம்பில் சூடும் குறைவாக உண்டாகும். ஆகவே கோழிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தோம். ஒன்றுக்கு எண்ணெயே இல்லை. ஒன்றுக்கு சோயா எண்ணெய். மூன்றாவது கூட்டத்துக்கு ஆளி விதை எண்ணெய்.

இந்த ஆளி விதை எண்ணெய்தான் என் செல்லம். மீனில் இருக்கிறதே, இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் கொழுப்பு, அதற்குச் சொந்தக்காரக் கொழுப்பு ஒன்று இந்த எண்ணெயில் இருக்கிறது. கோழி இதைத் தின்றால் அதன் கறியிலும் அந்த நல்ல கொழுப்பு ஏறும். மீன் பிடிக்காதவர்கள் கோழி தின்றே மீன் தின்ற பலனை அடையலாம். உலகத்தின் இதய நோயை நான் மெட்டுகுடாவிலிருந்து ஒழிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பேராசிரியர் பொறுமைசாலி. இந்த எண்ணெயை அளவோடு போட வேண்டும், அதிகமானால் கோழிக்கு வயிறு இளகும், கறியில் வாசனை மாறவும் வாய்ப்பு உண்டு, கெடாமல் இருக்க வைட்டமின் ஈ சேர்த்துக் கொடு என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். எனக்கோ, கொஞ்சம் போட்டால் நல்லது என்றால் நிறையப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்ற எண்ணம். (நான் டீக்குச் சர்க்கரை போடுவதும் இந்தத் தத்துவப்படிதான்.) கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கூட்டத்திலேயே ஒரு பகுதிக்கு எண்ணெயைத் தாராளமாகக் கூட்டி, வைட்டமின் சேர்க்காமலே வளர்த்துப் பார்க்க அனுமதி வாங்கினேன். வித்தியாசம் தெரிந்தால்தானே ஆராய்ச்சி என்பது என் வாதம்.

வித்தியாசம் தெரிந்தது. அந்தக் கோழிகள் தளதளவென்று வளர்ந்தன. இறகில் அப்படி ஒரு மினுமினுப்பு. எச்சம் கொஞ்சம் தண்ணீராகப் போனது உண்மைதான். தரையில் பரப்பிய உமி ஈரமாகி நாறியது. நான் நிம்மதியில்லாமல் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை உள்ளே போய் உமியைக் கிளறிவிட்டேன். மற்ற மாணவர்கள் கேன்டீனில் இருப்பார்கள், நான் கொட்டகையில் இருப்பேன். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அம்மா கட்டை விரலை உயர்த்தி அனுப்புவார். அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும், "எப்ப சாப்டலாம்?" என்று கேட்டுவைப்பார்.

ஆராய்ச்சி முடிந்ததும் எடை பார்த்து, ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சிலவற்றை அறுத்து ஈரல், கொழுப்பு எல்லாம் சோதனைக்கு அனுப்பினோம். மீதிக் கோழிகளை மாணவர்களே எடுத்துக்கொள்ளலாம், அது அங்கே வழக்கம். "எடுத்துப் போய்ச் சமைத்துச் சாப்பிடு, எப்படி இருக்கிறது என்று வந்து சொல்" என்றார் பேராசிரியர். அந்தக் கடைசி வரியை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வினோத், ஐடி வேலை, சைனிக்புரியில் வீடு. அவன் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் குடியாத்தம் பக்கம். நெடுநெடுவென்ற உயரம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் அணிவகுப்பில் நிற்பது போல இருப்பார். நான் அவரை சுபேதார் அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஆடிக்கொண்டிருந்த என் காலையே காபி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்துக்கு என்ன போடுவது என்று வீட்டில் ஆலோசனை. அம்மாவுக்கு மீன் வறுவல் வைக்க ஆசை. ஸ்டெல்லா உடனே தடுத்தாள். வினோத்தின் அப்பாவுக்கு மீனே ஆகாதாம். முன்பு எங்கோ கடற்கரை ஊரில் பணியில் இருந்தபோது ஏதோ மீனைச் சாப்பிட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சுத் திணறி, ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவராம். அதன் பிறகு மீன் கடை இருக்கும் தெரு வழியாகக் கூடப் போக மாட்டாராம். அம்மா பயந்துபோய் மீனை ரத்து செய்தார். போன் போட்டு, "எங்க வீட்டுப் பக்கம் மீன் வாசனையே வராது அண்ணா" என்று சம்பந்திக்கு உறுதியும் கொடுத்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். கடைக் கோழி எதற்கு, அது என்ன தின்று வளர்ந்தது என்று யாருக்குத் தெரியும், என் கோழி தின்ற ஒவ்வொரு வாயும் எனக்குத் தெரியும் என்றேன். இதயத்துக்கு நல்லது, சம்பந்திக்கு பிபி இருக்கிறதாமே, அவருக்கு மருந்து மாதிரி என்றேன். அம்மாவின் முகத்தில் பெருமை வந்தது. பெண்ணின் அண்ணன் தன் கையால் வளர்த்த கோழி என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அப்பாவுக்கு மட்டும் சின்ன சந்தேகம். "டெஸ்ட் பண்ண கோழிய போடுறது நக்கோடா" என்றார். நான் அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். அவர் தூக்கம் வந்து ஒப்புக்கொண்டார். மௌலா அலியில் ஒரு கறிக்கடையில் கோழிகளைச் சுத்தம் செய்து வாங்கி, கல்லூரி ஃப்ரீசரில் நிச்சயதார்த்தம் வரும்வரை வாரக்கணக்கில் அடைத்துவைத்தேன். மிகவும் கொழுத்தவையாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். வேறெவை, அந்தத் தாராள எண்ணெய்க் கோழிகள்தான்.

நிச்சயதார்த்தம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு முன்னால் தெருவை அடைத்து ஷாமியானா. பக்கத்துச் சந்தில் காஜா பாய் அடுப்பு மூட்டியிருந்தார். மெட்டுகுடாவில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர் பிரியாணிதான். கறியைத் தயிரிலும் மசாலாவிலும் ஊறவைத்து, தேக்சா என்கிற பெரிய அண்டாவில் அரிசியோடு அடுக்கி, மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டி, மேலே நெருப்பைப் போட்டு தம்மில் விட்டார். நான் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். கடைசியில் காஜா பாய் கரண்டியைக் காட்டி என்னைத் தூரப் போகச் சொன்னார்.

திட்டப்படி முதலில் ஜெபம், மோதிரம், பிறகு சாப்பாடு. ஆனால் சர்ச்சிலிருந்து வர வேண்டிய சாமியார் வரவில்லை. வேறொரு பங்குக் கோயிலில் ஏதோ கூட்டம், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்று போன் வந்தது. வெயில் ஏறியது. ஷாமியானாவுக்குள் மின்விசிறி அனல் காற்றை வீசியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பட்டுப் புடவையில் வேர்த்து விசிறிக்கொண்டிருந்தார்கள். பசியில் குழந்தைகள் அழுதன. சாப்பாட்டைப் போட்டுவிடுவோம், சாமியார் வந்ததும் மோதிரம் மாற்றிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

காஜா பாய் மாவுப் பூட்டை உடைத்து மூடியைத் தூக்கினார். ஆவி எழுந்தது. அவர் மூடியைக் கையில் பிடித்தபடியே அப்படியே நின்றார். பிறகு குனிந்து மோந்தார். பிறகு என் அம்மாவைக் கூப்பிட்டு, "மச்லி கீ பாஸ் ஆரீ" என்றார். மீன் நாற்றம் வருகிறதாம். தன் தேக்சாவை யாரோ எடுத்து மீன் குழம்பு வைத்திருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. அம்மாவோ, அவர் போன வாரம் எந்தக் கல்யாணத்தில் மீன் சமைத்துவிட்டுக் கழுவாமல் கொண்டுவந்தார் என்று கேட்டார். அவர் தன் மூன்று தலைமுறை கௌரவத்தைச் சொல்லி உருதுவில் பொங்கினார். அம்மா தமிழில் பொங்கினார். அப்பா நடுவில் போய், தண்ணீர் லாரிக்காரன் எந்தக் குளத்தில் பிடித்தானோ என்று மூன்றாவதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். சம்பந்தி வீட்டார் காத்திருந்தார்கள், வேறு வழியில்லை. மிர்ச்சி சாலன் குழம்பையும் தயிர்ப் பச்சடியையும் நிறைய ஊற்றினால் தெரியாது என்று சொல்லிப் பரிமாறச் சொல்லிவிட்டார் அப்பா.

இதெல்லாம் நடந்தபோது நான் தெருமுனையில் நின்று சாமியாருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பி ஷாமியானாவுக்குள் நுழைந்தபோது முதல் பந்தி ஆரம்பித்திருந்தது. யாரும் பேசவில்லை. நல்ல பிரியாணி, அதனால்தான் பேச்சு இல்லை என்று நினைத்தேன். சுபேதார் அங்கிள் ஒரு துண்டை வாயில் வைத்து மென்றார். மெல்லுவது மெதுவாகி நின்றது. விழுங்கினார். என்னைப் பார்த்து, அன்றுதான் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"தம்பி, இது என்ன மீன்?"

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக எல்லோரும் எனக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். அம்மா போல முந்தானையால் வாயைப் பொத்தியிருக்கலாம். அப்பா போல வானத்தைப் பார்த்திருக்கலாம். நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே, உடம்பெல்லாம் புல்லரித்துச் சந்தோஷப்பட்டேன். மாதக்கணக்காக உமியைக் கிளறியவனுக்குக் கிடைத்த முதல் பலன் அது. எண்ணெய் கறிக்குள் இறங்கிவிட்டது, சோதனைச் சாலை முடிவு வருவதற்கு முன்பே ஒரு மனிதர் நாக்கால் சொல்லிவிட்டார்.

"வாசனை வருதா அங்கிள்?" என்றேன், சிரித்துக்கொண்டே. "மீன் இல்ல, கோழிதான். ஆனா மீன் மாதிரி வருதுன்னா ஆராய்ச்சி சக்ஸஸ்னு அர்த்தம்."

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பிழைத்திருப்பேன். பக்கத்தில் இருந்தவரிடம் உங்களுக்கும் வருகிறதா என்று கேட்டேன். அடுத்தவரிடமும் கேட்டேன். பந்தி நெடுகக் கேட்டுக்கொண்டே போனேன். யாருக்கு லேசாக வருகிறது, யாருக்குப் பலமாக வருகிறது என்று விரல் விட்டு எண்ணினேன். அவர்கள் குழம்பிய முகத்தைப் பார்த்து, புரியவில்லை போலும் என்று விளக்க ஆரம்பித்தேன். எண்ணெய் கோழியின் குடலில் எப்படிச் செரிக்கிறது, பித்தநீர் எப்படி அதைக் கரைக்கிறது, ஈரலுக்கு எப்படிப் போகிறது, வயிற்றுக்கு அடியில் மஞ்சளாக எப்படிப் படிகிறது. இவ்வளவும் வாயில் சோற்றோடு இருந்தவர்களுக்குச் சொன்னேன். கோழிகள் நல்ல ஆரோக்கியமாக இருந்தன என்று அவர்களைத் தேற்றுவதற்காக, "எச்சம் மட்டும் கொஞ்சம் தண்ணியாப் போச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மா தட்டைக் கீழே வைத்தார். அதன் பிறகு வரிசையாகத் தட்டுகள் இறங்கின.

சுபேதார் அங்கிள் மட்டும் அசையவில்லை. உதட்டைத் தடவிப் பார்த்தார். தொண்டையைத் தடவிப் பார்த்தார். "அரிக்குது" என்றார். அவர் மனைவி எழுந்து நின்று, பையிலிருந்து மாத்திரையைத் தேடினார், மாத்திரைகள் சிதறிச் சாலனில் விழுந்தன. வினோத் ஓடிப்போய் காரை எடுத்தான். மீன் சாப்பிட்டுச் சாகக் கிடந்த மனிதருக்கு மறுபடியும் மீனைக் கொடுத்துவிட்டார்கள் என்று யாரோ தெருவில் நின்று போனில் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. நான் அவரைத் திருத்தப் போனேன். அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காரின் பின் சீட்டில் தள்ளினார். அது மீன் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தானாம்.

காரில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அலர்ஜி என்பது மீனின் புரதத்தால் வருவது, இது வெறும் கொழுப்பின் வாசனை, கோழியில் மீன் புரதம் வர வழியே இல்லை, அதனால் அங்கிளுக்கு அரிப்பதற்கு அறிவியல்படி காரணம் கிடையாது என்று முன் சீட்டை நோக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன். சுபேதார் அங்கிள் முன்னால் நேராக உட்கார்ந்து, அறிவியலுக்குக் கட்டுப்படாமல் சொறிந்துகொண்டிருந்தார்.

"மச்சான், ப்ளீஸ்" என்றான் வினோத். நல்ல பையன்.

அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் டாக்டர், தெலுங்குப் பெண். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். கோழி என்றேன். மீன் அலர்ஜி என்று சொன்னீர்களே என்றார். ஆமாம், கோழிதான், ஆனால் மீன் வாசனை என்றேன். அப்படியானால் கோழியை மீனோடு சமைத்தீர்களா? இல்லை. கோழி மீனைத் தின்றதா? இல்லை, ஆளி விதை எண்ணெய் குடித்தது. யார் கொடுத்தது? நான்தான். எதற்கு? மனிதர்களின் இதயத்துக்காக. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்களோடு பெரியவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று மிகவும் அன்பாகக் கேட்டார்.

சுபேதார் அங்கிளைப் பரிசோதித்தார்கள். உடம்பில் தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, மூச்சு சீராக இருந்தது. பிபி மட்டும் எகிறியிருந்தது. அதற்குக் காரணம் சாப்பாடு இல்லை, இந்தத் தம்பிதான் என்று டாக்டர் சொல்லாமல் என்னைப் பார்த்தார். எதற்கும் கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் என்றார்.

நான் கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்தேன். மோதிரம் மாற்றவில்லை. இந்த நிச்சயம் நின்றுபோனால் ஸ்டெல்லாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? காலையில் அவள் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்ட முடியாமல் என்னைக் கூப்பிட்டாள், நான் கோழி வந்ததா என்று பார்க்க ஓடிவிட்டேன். இந்த நினைப்பு வந்ததும் இன்னும் வேகமாக நடந்தேன். போன் அடித்தது. அவள்தான். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் கட்டியிருந்தது, ஆனால் அழவில்லை. அங்கிளுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். பெருமூச்சு விட்டாள்.

"அண்ணா, கல்யாணம் நின்னாலும் பரவால்ல. நீ மட்டும் இனிமே வாயத் திறக்காத" என்றாள்.

அப்போதுதான் என் கால்கள் நின்றன. சுவரில் சாய்ந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பியபோது சுபேதார் அங்கிள் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருப்பா. நீ நடக்கறதப் பாத்தாதான் எனக்கு பிபி ஏறுது" என்றார்.

உட்கார்ந்தேன். தங்கை சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. அவரே பேச்சைத் தொடங்கினார். இந்தப் படிப்பு எத்தனை வருடம், அரசாங்க வேலை உண்டா என்றெல்லாம் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். வாய் போய்விட்டதா என்று கேட்டார். ஸ்டெல்லா பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். முதல் தடவையாக அவர் மீசை லேசாக அசைந்தது.

"அந்தக் கோழிங்களுக்கு ஏதாவது ஆச்சா? சீக்கு கீக்கு?"

"இல்ல அங்கிள். வெயில்ல மத்த கோழிங்க தீனி எடுக்கல. இதுங்க நல்லா எடுத்துச்சு, நல்லா வளந்துச்சு. எண்ணெய மட்டும் நான் ஜாஸ்தி போட்டுட்டேன். சார் வேணாம்னுதான் சொன்னாரு. அளவாப் போட்டிருந்தா வாசனை வந்திருக்காது."

அவர் சீலிங்கைப் பார்த்தபடி யோசித்தார். "அப்ப கோழிக்கு நல்லாத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் ஆகல" என்றார். பிறகு, உதடு அரித்தது நிஜமா, பயத்தில் வந்ததா என்று தனக்கே சரியாகத் தெரியவில்லை, இதை மட்டும் வினோத்திடம் சொல்லாதே என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் வயிறு சத்தம் போட்டது. காலையிலிருந்து அவர் சாப்பிட்டது அந்த ஒரு வாய்தான். கேன்டீனுக்கு ஓடி முட்டை பஃப் வாங்கி வந்தேன். அவர் அதை வாங்கி, பிட்டு, இரண்டு பக்கமும் நன்றாக மோந்து பார்த்தார். "இதுக்கும் ஏதாவது ஊத்துனியா?" என்றார். கட்டிலில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம்.

சாயங்காலம் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது சாமியார் எப்போதோ வந்திருந்தார். கடற்கரை ஊர்க்காரர். ஷாமியானாவில் தனியாக உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டு முடித்து, ஹைதராபாத்தில் இவ்வளவு நல்ல மீன் பிரியாணி கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை என்று காஜா பாயைப் பாராட்டிக்கொண்டிருந்தார். காஜா பாய் தலையைக் குனிந்து நின்றார். சுபேதார் அங்கிள் நேராக என் அப்பாவிடம் போய் நின்றார். "மோதிரம் எடுங்க சம்பந்தி, லேட்டாவுது" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹவ், ஹவ்" என்று மட்டும் சொன்னார். அப்பா கண்ணில் தண்ணீர். மோதிரம் மாற்றும்போது ஸ்டெல்லா என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். (இல்லை. பிறகு ஒரு மாதம் பேசவில்லை.) கல்யாண விருந்துக்கு ஒரே நிபந்தனைதான் வந்தது. ஆட்டுக்கறி. அதுவும் மாப்பிள்ளை வீட்டார் தேர்ந்தெடுத்த ஆடு.

மறுநாள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இத்தனை பேர் ஒரே நேரத்தில் சுவை பார்க்கிற குழு எந்தக் கல்லூரிக்கும் கிடைக்காதே என்று ஏங்கினார். விருந்தாளிகளுக்குப் போன் செய்து ஒவ்வொருவரிடமும் மார்க் வாங்க முடியுமா என்று கேட்டார். என் நிலைமையைப் பாருங்கள், ஒரு கணம் யோசித்தேன். அப்புறம் முடியாது என்றேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் புத்திசாலித்தனமான முடிவு அது.

இப்போது ஸ்டெல்லாவுக்கு ஒரு பெண் இருக்கிறாள். நிவி. சைனிக்புரியில் ஒரு பள்ளியில் படிக்கிறாள். நாம் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். போன வருடம் வகுப்பில் டீச்சர், வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொரு குழந்தையாகக் கேட்டிருக்கிறார். அப்பா கம்ப்யூட்டர், அம்மா பேங்க் என்று சொல்லிவிட்டு நிவி, "மா மாமா கோடினி சேப்ப சேஸ்தாடு" என்றாளாம். என் மாமா கோழியை மீனாக்குவார். டீச்சர் சிரித்து, அப்படியெல்லாம் பொய் சொல்லக் கூடாது என்றிருக்கிறார். அவள் அழுது, பொய்யில்லை என்று அடம்பிடித்து, அன்று மத்தியானம் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. எடுத்தது சுபேதார் அங்கிள். டீச்சர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். குழந்தைக்குக் கற்பனை அதிகம், ஆனால் உண்மைக்கும் கற்பனைக்கும் வித்தியாசம் சொல்லித் தர வேண்டும் என்றார். அங்கிள் முழுவதையும் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, அணிவகுப்புக் குரலில் சொன்னாராம்:

"குழந்தை சொன்னது நிஜம் மேடம். நான் சாப்பிட்டிருக்கேன்."